குருதியின் சாட்சியத்தை எப்போது நம்புவது?

(கல்முனையில் விவசாயிகளும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடிய பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் மேடை ஏறினால் காணியைப் பற்றிப் பேசுவேன், நெல்லின் விலையைப் பற்றிப் பேசுவேன், கொழும்பிலிருந்து ஆளுகின்றவர்கள் இக்கரையோரத்தை மறந்த கதையைப் பேசுவேன் என்றே நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இன்று அவற்றுள் ஒன்றையும் தொடப் போவதில்லை. எச்.ஐ.வி என்னும் கிருமி தன்னைத் தொற்றிவிட்டதோ என்று அஞ்சும் மனிதன் ஒருவன் செய்துகொள்ளும் குருதிப் பரிசோதனையைப் பற்றியே பேசப் போகிறேன். தலைவர் அவர்களிடம் இதைச் சொன்னபோது, "தாய்மார் இருக்கும் சபையில் இதைப் பேசத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். தாய்மார் இருப்பதனாலேயே பேச வேண்டும் என்றேன். பெரிய மனிதர், மறுக்கவில்லை.

நான் வைத்தியன் அல்லன், சட்டம் படித்தவன். சட்டம் படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவர் எதைச் சொன்னாலும், "அதைச் சொன்ன சாட்சி யார்? அவர் எப்போது கண்டார்? அவர் சொல்லை உறுதிப்படுத்த வேறு சாட்சி உண்டா?" என்று கேட்பான். குருதிப் பரிசோதனையும் ஒரு சாட்சிதான். அந்தச் சாட்சியை முறையாக விசாரியாமல் தீர்ப்பெழுதியதனால் கெட்டுப்போன இரு குடும்பங்களை என் அலுவலகத்திலேயே கண்டேன். ஊரையும் பேரையும் சொல்ல மாட்டேன், ஊகிக்கவும் முயலாதீர்கள்.

முதலாவது, வெளிநாட்டுக்குப் புறப்பட்ட ஓர் இளைஞன். சவூதி, கட்டார், குவைத் முதலிய நாடுகளுக்குத் தொழிலுக்குச் செல்வோர் புறப்படுமுன் குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை இக்கரையோரத்தில் அறியாத வீடு இல்லை. அவனுடைய தாளில் "தகுதியற்றவர்" என்று எழுதப்பட்டிருந்தது. காரணத்தை அவனிடம் சொல்லுமுன் அனுப்பிவைக்கும் தரகரிடம் எவரோ சொன்னார். தரகர் தேநீர்க் கடையில் சொன்னார். மூன்றாம் நாள், பேசி முடித்திருந்த நிக்காஹ் நின்றுபோயிற்று. வாப்பா தொழுகைக்குப் போவதையே நிறுத்தினார். நான்காம் வாரம் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "சேர், எனக்கு ஒன்றுமே தெரியாது. நான் எந்தத் தவறும் செய்யவில்லை. இந்தத் தாள் பொய் சொல்லுமா?" என்று கேட்டான். அரசாங்க சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினேன். மறுபடியும் குருதி எடுத்து, வேறு முறைகளால் சோதித்து, மூன்று மாதம் கழித்தும் ஒருமுறை பார்த்து, தொற்று இல்லை என்று எழுதித் தந்தார்கள். அந்தக் கடிதத்தோடு பெண் வீட்டுக்குப் போனபோது அங்கே வேறு மாப்பிள்ளைக்குக் கைக்கூலி பேசி முடிந்திருந்தது.

இரண்டாவது, நெல் ஏற்றும் லொறி ஓட்டியவர். தூரத்து நகரம் ஒன்றில் ஓர் இரவு தவறினார். மனம் உறுத்தவே, ஐந்தாம் நாள் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் குருதி கொடுத்தார். தொற்று இல்லை என்று வந்தது. தாளைக் கிழித்தெறிந்தார், அல்ஹம்துலில்லாஹ் என்றார், வீட்டுக்குப் போனார். ஓராண்டு கழித்து அவருடைய மனைவி கருவுற்றிருந்தபோது, தாய்மாருக்கான சிகிச்சை நிலையத்தில் எடுத்த குருதியில் தொற்று வெளிப்பட்டது. அந்தச் சகோதரிதான் என்னிடம் வந்தார். அவர் கேட்ட கேள்வியை நான் மறக்க முடியாது. "ஐந்தாம் நாள் பார்த்த டெஸ்ட் சரியில்லை என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லையா?"

ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நான் இன்று சொல்கிறேன்.

யானையும் கூக்குரலும்

சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகளிலும், அதற்கப்பால் மேற்கே காடு தொடங்கும் இடங்களிலும் வேளாண்மை செய்பவர்களுக்கு நான் யானையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவில் யானை வயலில் இறங்குகிறது. அதை அறிய மூன்று வழிகள் உண்டு. யானையையே கண்ணால் காண்பது ஒன்று. சேற்றில் பதிந்த அதன் அடிச்சுவட்டைக் காண்பது இரண்டு. பரணில் இருக்கும் காவற்காரர் எழுப்பும் கூக்குரலைக் கேட்பது மூன்று. யானை இறங்கிய கணத்திலேயே கூக்குரல் எழுவதில்லை. காவற்காரர் கண் விழிக்க வேண்டும், பார்க்க வேண்டும், பந்தம் கொளுத்த வேண்டும். அதற்குள் ஒரு மூலை மேயப்பட்டிருக்கும்.

இக்கிருமியின் கதையும் இதுவே. உடலில் அது நுழைந்தபின் உடலின் காவற்படை விழித்து எழுப்பும் கூக்குரலுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். பழைய பரிசோதனைகளும், விரல் நுனியில் ஒரு துளி எடுத்துச் செய்யும் பல விரைவுப் பரிசோதனைகளும் இந்த எதிர்ப்பொருளை மட்டுமே தேடுகின்றன. கிருமியை அவை தேடுவதில்லை; கூக்குரலுக்குக் காது கொடுக்கின்றன. அந்தக் கூக்குரல் கேட்கத் தொடங்க ஏறக்குறைய 23 நாள் முதல் 90 நாள் வரை செல்லும். இந்நாளில் பெரிய ஆய்வுகூடங்களில் நரம்பிலிருந்து குருதி எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை கூக்குரலோடு அடிச்சுவட்டையும் சேர்த்துத் தேடுகிறது. கிருமியின் உறையுள் இருக்கும் பி-24 என்னும் புரதமே அந்த அடிச்சுவடு. அதனால் 18 நாள் முதல் 45 நாளுக்குள் உண்மை வெளிப்படுகிறது. கிருமியின் மரபுப்பொருளையே தேடும் பரிசோதனை யானையை நேரில் காண்பதற்கு ஒப்பானது. அது 10 நாள் முதல் 33 நாளுக்குள் காட்டிக்கொடுக்கும். செலவு மிக்கது, எல்லோருக்கும் செய்வதில்லை.

தொற்று நேர்ந்திருக்கக்கூடிய நாளுக்கும் பரிசோதனை அதைக் காணக்கூடிய நாளுக்கும் இடையிலுள்ள இந்தக் காலத்தை வைத்தியர்கள் சாளரக் காலம் என்பர். எனக்கு அந்தச் சொல்லில் பெரிய ஆசை இல்லை. சாளரம் என்றால் அதனூடே பார்க்கலாம் அல்லவா? இங்கே ஒன்றும் தெரிவதில்லையே! குருட்டுக் காலம் என்றால் நம் கமக்காரருக்கு உடனே விளங்கும்.

ஐந்தாம் நாள் குருதி கொடுத்த லொறிக்காரரின் தாள் பொய் சொல்லவில்லை. பரணில் இன்னும் ஒருவரும் விழிக்கவில்லை என்ற உண்மையைத்தான் சொன்னது. அதை அவர், யானை வரவில்லை என்று படித்தார். அந்தக் குருட்டுக் காலத்திலேதான் குருதியில் கிருமி மிகுந்து பெருகுகிறது. பிறருக்குத் தொற்றும் வலியும் அப்போது மிகுதி. ஆகவே "இல்லை" என்ற தாள் கையில் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, அந்த இரவுக்கும் இந்தக் குருதிக்கும் இடையில் எத்தனை நாள் சென்றன என்பதே. நான்காம் தலைமுறைப் பரிசோதனையாயின் 45 நாள் கடந்தபின் வரும் "இல்லை" மிக உறுதியானது. எந்த வகைப் பரிசோதனை என்று தெரியாவிட்டால் 90 நாள் கடந்தபின் ஒருமுறை செய்துகொள்க. இடையில் வேறொரு தவறு நேர்ந்தால் கணக்கு மீண்டும் முதலாம் நாளிலிருந்து தொடங்கும் என்பதையும் மறவாதீர்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது பரிசோதனையைவிட அவசரமானது. தொற்று நேர்ந்திருக்கலாம் என்று அஞ்சுபவர் பரிசோதனைக்காக நாட்களை எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்கலாகாது. 72 மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் சென்றால், தேவை என்று அவர் கண்டால், கிருமி வேரூன்றாமல் தடுக்கும் மாத்திரைகள் தரப்படும். 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. 72 மணி நேரம் கடந்தபின் அந்தக் கதவு மூடப்படுகிறது. மாத்திரை எடுத்தவர்களுக்குக் கூக்குரல் தாமதமாகலாம். ஆதலால் அவர்களுடைய நாட்கணக்கு மாத்திரை முடிந்த நாளிலிருந்தே தொடங்கும். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக்கொள்ளும் தாதிமாருக்கும், வன்செயலுக்கு ஆளான பெண்ணுக்கும் இதே வழிதான். வன்செயலுக்கு ஆளான பெண்ணைப் பொலீசுக்கு அழைத்துச் செல்வதா, ஊர்ப் பெரியவர்களிடம் அழைத்துச் செல்வதா என்று மூன்று நாள் வழக்காடும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அந்த மூன்று நாளும் 72 மணி நேரம் என்பதை அவர்கள் அறியார்.

"ஆம்" என்று வந்தால்?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். "இல்லை" என்ற சொல்லை அவசரப்பட்டு நம்பக் கூடாதது போலவே, முதற் பரிசோதனையின் "ஆம்" என்ற சொல்லையும் அவசரப்பட்டு நம்பக் கூடாது. முதற் பரிசோதனை சல்லடை போன்றது. ஒரு நோயாளியும் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே அதை நுணுக்கமாக அமைத்திருக்கிறார்கள். அதனால் சில வேளை நோயில்லாதவரையும் அது பிடித்து வைக்கும்.

ஆசிரிய நண்பர்கள் இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த கணக்கு இது. 10,000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களுள் உண்மையில் தொற்றுள்ளவர் 10 பேர். பரிசோதனை அந்தப் பத்துப் பேரையும் பிடித்துவிடுகிறது. ஆனால் தொற்றில்லாத ஆயிரம் பேருக்கு ஐந்து பேரைப் பிழையாகக் காட்டுகிறது. ஆயிரத்துக்கு ஐந்து என்றால் நல்ல பரிசோதனைதானே என்பீர்கள். மீதமுள்ள 9,990 பேரில் ஏறத்தாழ 50 பேர் பிழையாக அகப்படுகிறார்கள். ஆகவே "ஆம்" என்ற தாளோடு வெளியே வருவோர் 60 பேர். உண்மையில் தொற்றுள்ளவர் அவர்களுள் 10 பேர். ஆறு பேரில் ஒருவர்! மற்ற ஐவரும் குற்றமற்றவர். நோய் அரிதாக உள்ள நாட்டிலே முதற் சாட்சியின் சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதினால் இப்படித்தான் நேரும். இலங்கை அத்தகைய நாடு. 1987இல் இலங்கையர் ஒருவரிடம் முதன்முதலாக இத்தொற்று கண்டறியப்பட்ட காலந்தொட்டு இன்றுவரை, தொற்று மிகக் குறைந்த நாடுகளின் வரிசையிலேயே நாம் இருக்கிறோம்.

அந்த அறுபது பேரையும் வேறுவகையான இரண்டாம் பரிசோதனைக்கு உட்படுத்தினால் பிழையாக அகப்பட்ட ஐம்பது பேரும் பெரும்பாலும் விடுதலையாகிவிடுவர். மூன்றாவது பரிசோதனை மிச்ச ஐயத்தையும் தீர்த்துவிடும். தொற்று அரிதான நாடுகளில் அடுத்தடுத்து மூன்று பரிசோதனைகளும் "ஆம்" என்றால் மட்டுமே ஒருவருக்குத் தொற்று உண்டு என்று சொல்லலாம் என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஒரே சாட்சியை மூன்று முறை கேட்பதன்று இது. வெவ்வேறு சாட்சிகள் மூவரைக் கேட்பது. என் தொழில் சார்ந்த தோழர்கள் வேறுபாட்டை அறிவர்.

இதை முறையாகச் செய்தவர்களின் கதை ஒன்று நம் மொழி வழங்கும் மண்ணிலேயே உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மாணவி, தம் பேராசிரியை சுனிதி சாலமனின் தூண்டுதலால், பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் முதலானோரிடம் குருதி சேகரித்தார். இந்தியாவில் இந்த நோய் இல்லை, அது மேல்நாட்டாருடைய நோய் என்று எல்லோரும் இறுமாந்திருந்த காலம் அது. சென்னையில் சோதிக்க வசதி இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் குருதியைக் கொண்டு சென்று எலைசா பரிசோதனை செய்தார்கள். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அன்றிரவே பத்திரிகைகளுக்குச் சொல்லியிருந்தால் நிர்மலாவின் பெயர் மறுநாள் நாடெங்கும் பரவியிருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை. அந்தப் பெண்களிடமே மறுபடியும் குருதி எடுத்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளொட் என்னும் வேறுவகைப் பரிசோதனையால் உறுதிப்படுத்திய பின்னரே அரசாங்கத்துக்கு அறிவித்தார்கள். தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையிலே வெளியிட்டார். ஒரு மாணவியும் ஒரு பேராசிரியையும் கடைப்பிடித்த அந்தப் பொறுமையை நம் தேநீர்க் கடைகள் கடைப்பிடித்திருந்தால் அந்த இளைஞனின் நிக்காஹ் நின்றிருக்குமா?

ஆனால் ஒரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. எதற்காகக் குருதி எடுக்கப்படுகிறது என்று அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை. சிலர் அரசாங்கக் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்கள். மறுக்கும் நிலையிலும் இல்லை. விஞ்ஞானம் வென்றது, சட்டத்தரணியின் மனம் உறுத்துகிறது.

சொல்லப்படாத முடிவு

பரிசோதனை எவ்வளவு நம்பகமானதாக இருந்தும், அதன் முடிவு உரியவரிடம் போய்ச் சேராவிட்டால் என்ன பயன்? தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்திலே 2018இல் நடந்த கொடுமையை நீங்கள் படித்திருப்பீர்கள். சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு இரத்தச் சோகைக்காகக் குருதி ஏற்றினார்கள். அந்தக் குருதியில் இக்கிருமி இருந்தது. கொடுத்தவர் பத்தொன்பது வயது இளைஞர்; உறவினர் ஒருவருக்கு உதவவென்று நல்ல மனத்தோடு கொடுத்தவர். 2016இலேயே அவர் ஒருமுறை குருதி கொடுத்திருந்தார். அப்போதே தொற்று தெரியவந்தும் அவரிடம் எவரும் சொல்லவில்லை என்று பின்னர் வெளியாயிற்று. வெளிநாட்டு வேலைக்குச் செல்ல, நம் பிள்ளைகள் செய்வது போலவே, பரிசோதனை செய்தபோதுதான் அவர் தம் நிலையை அறிந்தார். அறிந்தவுடன் என்ன செய்தார்? ஓடி ஒளியவில்லை. "என் குருதியை எவருக்கும் ஏற்றிவிடாதீர்கள்" என்று சொல்லத் தாமே சென்றார். அதற்குள் ஏற்றியாயிற்று. சில நாளில் அந்த இளைஞர் நஞ்சருந்தி உயிர் துறந்தார். அவர் குற்றவாளியல்லர், இந்தக் கதையில் நேர்மையாக நடந்தவர் அவர் ஒருவரே என்று நான் எண்ணுகிறேன்.

அப்பெண் 2019 ஜனவரியில் மதுரையில் குழந்தை பெற்றார். அக்குழந்தைக்குப் பின்னர் செய்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று கண்டார்கள். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. தாய்மார் கேட்க வேண்டும். தாயின் எதிர்ப்பொருள் கருப்பையிலேயே குழந்தைக்குச் சென்றுவிடுகிறது. பக்கத்து வயலின் கூக்குரல் நம் வயலில் கேட்பது போன்றது அது. ஆகவே கூக்குரலைத் தேடும் பரிசோதனை பதினெட்டு மாதம் வரை குழந்தையின் உண்மை நிலையைச் சொல்லாது. கிருமியையே தேடும் பரிசோதனைதான் வேண்டும். மதுரை உயர்நீதிமன்றக் கிளை அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபா இழப்பீடு வழங்க 2019இல் உத்தரவிட்டது. தொகையால் என்ன ஆறும்?

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. மனத்தில் ஐயமுள்ள ஒருவர் சிகிச்சை நிலையத்துக்குப் போக வெட்கப்பட்டு, விளையாட்டுக் கழகமோ பள்ளிவாசலோ நடத்தும் இரத்ததான முகாமில் வரிசையில் நிற்கிறார். "அவர்கள் சோதிப்பார்கள் தானே, இருந்தால் சொல்வார்கள் தானே" என்பது எண்ணம். தம்பிமாரே, அதைச் செய்யாதீர்கள். இரத்த வங்கி ஒவ்வொரு பையையும் சோதிக்கிறது, உண்மை. ஆனால் நீங்கள் குருட்டுக் காலத்தில் நின்றால் அந்தச் சோதனையின் கண்ணுக்கும் தப்பலாம். அந்தப் பை மகப்பேற்று விடுதியில் கிடக்கும் ஒரு சகோதரிக்குப் போகலாம். ஐயம் உள்ளவன் செய்யும் தானம் தானமாகாது.

மொழியும் மறைவும்

இப்போது அரசியலுக்கு வருகிறேன். வராமல் விடுவேன் என்று நினைத்தீர்களா?

பரிசோதனைத் தாளில் என்ன எழுதுகிறார்கள்? தொற்று இல்லாவிட்டால் "நொன் ரியாக்டிவ்" என்று எழுதுகிறார்கள். அல்லது "நெகட்டிவ்" என்கிறார்கள். அதையும் ஆங்கில எழுத்திலே எழுதுகிறார்கள். ஒரு முதிய கமக்காரர், வைத்தியர் கேட்டபடி சத்திரசிகிச்சைக்கு முன் குருதி கொடுத்தவர், இந்த "நெகட்டிவ்" என்ற சொல்லைத் தம் பேரனிடம் காட்டிப் பொருள் கேட்டிருக்கிறார். பேரன் அகராதியைப் பார்த்து, "எதிர்மறை, மோசமானது" என்று சொல்லியிருக்கிறான். கிழவர் இரண்டு இரவு உறங்காமல் மூன்றாம் நாள் வக்கீலிடம் வருகிறார், மரணசாசனம் எழுத! நான் சிரித்தேன், அவரும் பிறகு சிரித்தார். ஆனால் அந்த இரண்டு இரவுக்கு யார் பொறுப்பு?

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாள் தொட்டு இந்த மண்ணில் மொழியைப் பற்றி எத்தனை கூட்டம் நடந்திருக்கிறது! 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988இல் பதினாறாம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என்றது. கந்தோர்க் கடிதத்துக்கும் வாக்குச் சீட்டுக்கும் நாம் கேட்ட அந்த உரிமையை, உயிருக்கும் மானத்துக்கும் உரிய இந்தச் சிறு தாளுக்குக் கேட்க ஏன் மறந்தோம்? குருதி எடுக்குமுன் இது இன்ன பரிசோதனை என்று தமிழில் சொல்ல வேண்டும். சம்மதம் கேட்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுத வேண்டும். "இன்றைய நாள்வரை தொற்றுக் காணப்படவில்லை, இன்ன தேதியில் மீண்டும் வருக" என்று இரண்டு வரி எழுதினால் லொறிக்காரரின் வீடு தப்பியிருக்கும். முதற் பரிசோதனையில் "ஆம்" வந்தால், "இது முடிவன்று, உறுதிப்படுத்த வேண்டும்" என்று எழுதினால் அந்த இளைஞனின் வீடு தப்பியிருக்கும். மையும் தாளும் அல்லாமல் இதற்கு வேறு செலவு இல்லை.

மறைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்முனையில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு; அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் உண்டு. அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் இலவசம், தொற்று உறுதியானால் வாழ்நாள் முழுவதும் மருந்தும் இலவசம். மருந்தை ஒழுங்காக உட்கொண்டு குருதியில் கிருமி காணப்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், அவரிடமிருந்து மனைவிக்கோ கணவனுக்கோ தொற்றுவதில்லை என்பதும் பெரிய ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டது. அந்த லொறிக்காரரின் மனைவிக்குப் பிறந்த பிள்ளை தொற்றில்லாமல் பிறந்தது இந்த ஏற்பாட்டின் பயனே. இத்தனையும் இருந்தும் நம்மவர் போகவில்லை என்றால் காரணம் வாசல். அந்த வாசலில் யார் நிற்கிறார், யார் பார்க்கிறார் என்பதே பயம். சாய்ந்தமருதுக்காரர் மட்டக்களப்புக்கும், நிந்தவூர்க்காரர் கொழும்புக்கும் போகிறார்கள். பஸ்ஸில் போகும் அந்த நாளை எண்ணியே பலர் போகாமல் விடுகிறார்கள்.

இதற்கு மாறாக, போவதை நிறுத்தவே முடியாதவரும் உண்டு. என் நண்பர் ஒருவர், கடை வைத்திருப்பவர், பதினொரு முறை சோதித்துவிட்டார்! ஆறு மாதம் கழித்தும் "இல்லை", ஒரு வருடம் கழித்தும் "இல்லை". "இன்னுமொருமுறை பார்ப்போமா காக்கா?" என்று என்னையே கேட்கிறார். தக்க காலம் கடந்தபின் தக்க பரிசோதனை "இல்லை" என்றால் அது தீர்ப்பு, மேன்முறையீடு இல்லை. அவருக்கு வேண்டியது ஊசியன்று; மனம் விட்டுப் பேச ஒரு நல்ல வைத்தியர்.

தனிமனிதர் தீர்ப்பை ஏற்காவிட்டால் அவர் ஒருவருக்கே துன்பம். ஓர் ஊரே ஏற்காவிட்டால்? குளியாப்பிட்டியில் 2016இல் அதுவே நடந்தது. தகப்பன் எயிட்ஸ் நோயால் இறந்தான் என்று ஒரு வதந்தி. சிறுவனைப் பாடசாலையில் சேர்த்ததும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். அச்சிறுவனுக்குத் தொற்று இல்லை என்ற பரிசோதனை முடிவு கையில் இருந்தது. எவரும் அதைப் பார்க்க விரும்பவில்லை. இறுதியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. அடிப்படை உரிமை வழக்காக உயர் நீதிமன்றத்துக்கு அது சென்றது, எச்.ஐ.வி என்பது ஒரு பிள்ளையின் கல்வி உரிமைக்குத் தடையாகாது என்ற நிலைப்பாடு அவ்வாண்டு ஏப்ரலில் அங்கே பதிவாயிற்று. இதிலே ஒரு நுட்பத்தை என் சக சட்டத்தரணிகள் கவனிக்க வேண்டும். "இவனுக்குத் தொற்று இல்லை, ஆகவே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வாதிட்டால் வழக்கில் வெல்லலாம். ஆனால் தொற்றுள்ள அடுத்த பிள்ளையைக் கைவிட்டதாகும். அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரை சமத்துவத்தைத் தரும்போது குருதியைச் சோதித்துவிட்டுத் தருவதில்லை. ஒரே சகனில் உண்பதாலோ, முஸாபஹா செய்வதாலோ, பள்ளிவாசல் ஹவுளில் வுழூ செய்வதாலோ, நுளம்பு கடிப்பதாலோ இது தொற்றாது. அந்த இளைஞனின் வாப்பா தொழுகைக்குப் போவதை நிறுத்தியது எதற்காக? கிருமிக்கு அஞ்சியன்று; நம் கண்களுக்கு அஞ்சி.

நேரம் ஆகிவிட்டது. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். தீர்மானத்தைப் படிக்கிறேன்:

"கிழக்கு மாகாணத்தில் அரசாங்க வைத்தியசாலைகளிலும் தனியார் ஆய்வுகூடங்களிலும் செய்யப்படும் எச்.ஐ.வி பரிசோதனைக்குரிய சம்மதப் பத்திரமும் முடிவுத் தாளும் தமிழில் வழங்கப்படல் வேண்டும் எனவும், மீண்டும் சோதிக்க வேண்டிய நாள் அம்முடிவுத் தாளிலேயே குறிக்கப்படல் வேண்டும் எனவும், முதற் பரிசோதனையின் முடிவு உறுதிப்படுத்தப்படுமுன் தரகருக்கோ தொழில்கொள்வோருக்கோ உறவினருக்கோ அறிவிக்கப்படலாகாது எனவும், வன்செயலுக்கு ஆளானோருக்கும் தொற்று ஐயமுள்ளோருக்கும் 72 மணி நேரத்துள் தடுப்பு மருந்து கிடைக்க இக்கரையோர வைத்தியசாலைகள் அனைத்திலும் இரவும் பகலும் ஏற்பாடு இருத்தல் வேண்டும் எனவும் இக்கூட்டம் சுகாதார அதிகாரிகளைக் கோருகிறது."

இதை முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தால் மகிழ்வேன்.